இழுக்கிற சக்தி இருப்பதால் இழுக்கிறது

அக்கா மகளுக்கு ஏழு வயது. பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மை ஒன்றைக் கழற்றிக்கொண்டு சமையலறை முழுக்கச் சுற்றினாள். தோசைக்கல்லில் ஒட்டியது. இரும்பு வாணலியில் டொக்கென்று ஒட்டியது. அப்புறம் என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, இது ஏன் இரும்பை இழுக்குது?"

"அதுக்குக் காந்த சக்தி இருக்குடா கண்ணு."

"காந்த சக்தின்னா?"

"இரும்பை இழுக்கிற சக்தி."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஐந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அவள் கேட்ட கேள்வியையே வேறு சட்டை மாட்டி அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இரும்பை இழுக்கிற சக்தி இருப்பதால் இரும்பை இழுக்கிறது. இதில் அவளுக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றுமில்லை. தெரியாமல் போனதைவிட, பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்து அவள் போனதுதான் எனக்கு வருத்தம். அன்று சாயங்காலமே ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு மறுபடி வந்தாள். "இதுல ஒட்டல. இதுவும் இரும்புதானே?" என் 'காந்த சக்தி'யிடம் அதற்குப் பதில் இல்லை.

எதை நிறுவ வேண்டுமோ அதையே காரணமாக வைத்து நிறுவுவதை வட்ட வாதம் என்கிறார்கள். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்ததாக நம்புவது. இது படிக்காதவர்கள் செய்யும் பிழை என்று நினைக்க வேண்டாம். ஆய்வகங்களிலும் நீதிமன்றங்களிலும் நன்றாகப் படித்தவர்கள் செய்திருக்கிறார்கள், அதனால் மனிதர்கள் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒரு நாடக மேடையிலிருந்து வருகிறது. 1673இல் பாரிஸில் மோலியேர் தன் கடைசி நாடகத்தின் முடிவில் மருத்துவப் பட்டத் தேர்வு ஒன்றை வைத்தார். அபின் ஏன் தூக்கம் தருகிறது என்பது கேள்வி. அதில் தூங்கவைக்கும் சக்தி இருக்கிறது, புலன்களை மயங்கச் செய்வது அதன் இயல்பு என்று லத்தீனில் பதில் சொல்கிறான் மாணவன். சுற்றி நிற்கும் பேராசிரியர்கள் ஆகா என்று பாராட்டுகிறார்கள். அக்காலத்து மருத்துவத்தில் நிஜமாகவே இப்படித்தான் பதில் சொன்னார்கள்.

அதே அபின் பிறகு எங்கே போனது என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியம். 1805 வாக்கில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளுநர் கசகசாச் செடியின் பாலிலிருந்து ஒரு தனிப் பொருளைப் பிரித்தெடுத்தார். மார்ஃபின் என்பது அதன் பெயர். இதோடு 'சக்தி' என்ற சொல் போய், கையில் எடுத்து நிறுத்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருள் வந்துவிட்டது. 1973இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கேண்டஸ் பெர்ட்டும் சாலமன் ஸ்னைடரும் மூளைத் திசுவில் அந்தப் பொருள் போய்ப் பொருந்தும் இடத்தைக் காட்டினார்கள். பூட்டும் சாவியும் போல. மேடையில் அந்தப் பதில் சொல்லப்பட்டுச் சரியாக 300 ஆண்டுகள்.

உடனே இன்னொரு கேள்வி எழுந்தது. எங்கோ வயலில் வளரும் ஒரு செடியின் பாலுக்கு, நம் மூளைக்குள் ஏன் ஒரு பூட்டு இருக்கிறது? அந்தப் பூட்டுக்கு உடம்பே தயாரிக்கும் சாவி ஏதாவது இருக்க வேண்டுமே? 1975இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து அந்தச் சாவியைப் பிரித்தெடுத்தார்கள். என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். நல்ல விளக்கம் வந்தபிறகும் கேள்விகள் தீரவில்லை. ஆனால் அவை பழைய கேள்விகளாக இல்லை. 'தூங்கவைக்கும் சக்தி' என்ற பதிலிலிருந்து இப்படி ஒரு கேள்வி முளைக்கவே முளைக்காது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாணவனின் பதிலில் துளிக்கூடப் பொருள் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தூக்கத்துக்குக் காரணம் அபினுக்குள் இருக்கிறது, கொடுத்த வேளையிலோ கொடுத்தவரின் மந்திரத்திலோ இல்லை என்ற அளவுக்கு அது ஒரு இடத்தைச் சுட்டுகிறது. காரணம் தெரியும்வரை அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. பெயர் வைத்ததையே காரணம் கண்டுபிடித்ததாக எடுத்துக்கொண்டு தேடலை நிறுத்திவிடுவதுதான் கேடு. 'ஏன் எப்போதும் சோர்வாக இருக்கிறது?' 'உடம்பில் தெம்பு இல்லை.' 'அவன் ஏன் வேலைக்குப் போகவில்லை?' 'சோம்பேறி.' இதெல்லாம் நாம் தினமும் சொல்லும் பதில்கள்தான்.

வட்டமாகத் தோன்றும் எல்லாமே வட்ட வாதம் ஆகிவிடாது. 'பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்' என்று ஒரு பழமொழி உண்டு. வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும் என்பதும் அதே கதை. இவை நடப்பில் விழுந்த முடிச்சுகள். இரண்டு பாதியும் உண்மையாக இருக்கலாம், அதனால்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். வட்ட வாதத்தில் கோளாறு நடப்பில் இல்லை, நம்ப வைப்பதில் இருக்கிறது. ஒன்றை நம்புவதற்குச் சொல்லப்படும் காரணத்தை, அந்த ஒன்றை முன்பே நம்பியிருந்தால்தான் ஏற்க முடியும்.

இதை மிகத் துல்லியமாகப் பிடித்தவர்கள் நம் பக்கத்துத் தருக்க நூலார். நியாய சூத்திரம் ஐந்து வகை ஏதுப்போலிகளைச் சொல்கிறது, அதாவது காரணம் போலத் தோன்றிக் காரணம் ஆகாதவை. அவற்றில் ஒன்று சாத்தியசமம். நிறுவ வேண்டிய பொருளைப் போலவே, சொன்ன காரணமும் நிறுவப்பட வேண்டிய நிலையில் இருப்பது. உரையாசிரியர் வாத்சியாயனர் இதற்கு நிழலை உதாரணம் காட்டுகிறார். நிழல் ஒரு பொருள் என்கிறார் ஒருவர். ஏன்? அது நகர்கிறதே. வெயிலில் நாம் நடந்தால் நிழலும் கூடவே நடக்கிறது, சரிதானே என்று தோன்றும். ஆனால் நிழல் நிஜமாகவே நகர்கிறதா? நகர்வது ஆள்தான். ஆள் மறைக்கும் இடம் மாறிக்கொண்டே போக, ஒளி விழாத இடமும் மாறிக்கொண்டே போகிறது. நிழல் ஒரு பொருள் என்று ஏற்கெனவே நம்பியவர் மட்டுமே 'நிழல் நகர்கிறது' என்று சொல்ல முடியும். காரணம் என்று நீட்டியதும் நிறுவ வேண்டிய பட்டியலில்தான் இருக்கிறது.

மணிமேகலையில் இதற்குப் பக்கத்து வீடு போல ஒரு பிழை வருகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை, அதாவது தருக்க முறை, கற்பிக்கிறார். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று கொள்ளலாம், அடுக்களையில் பார்த்திருக்கிறோம். ஆனால் தூரத்தில் தெரிவது ஆவியா பனியா என்று ஐயம் இருக்கும்போதே, அதைப் புகை என்று வைத்து நெருப்பு உண்டெனத் துணிவது போலி. அதற்குச் சித்தாசித்தம் என்று பெயர். முதலில் அது புகைதானா என்று தெரிய வேண்டும். நெருப்பு இருக்கிறது என்ற எண்ணம் அந்த ஐயத்தைத் தீர்த்துவைக்கத் தொடங்கினால் வட்டம் மூடிவிடும். இப்படி மூடிய ஒரு வட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

2004 மார்ச் 11 காலை மாட்ரிட் நகரின் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில் நிலையம் ஒன்றின் அருகே நின்ற வேனில், வெடிதூண்டிகள் இருந்த நீல நிறப் பிளாஸ்டிக் பை கிடைத்தது. பையில் ஒரு தெளிவற்ற விரல் ரேகை. ஸ்பெயின் போலீஸ் அதன் படத்தை மற்ற நாடுகளுக்கு அனுப்பியது. அமெரிக்காவின் எஃப்பிஐ கணினியில் தேடியது. கணினி ஒத்துப்போகக்கூடிய 20 பேரைக் காட்டியது. நாலாவதாக வந்தவர் ஓரிகன் மாநிலத்தில் வழக்கறிஞர், முன்பு ராணுவத்தில் இருந்தவர். ரேகை அவருடையதுதான் என்று மூன்று நிபுணர்கள் முடிவு செய்தார்கள். பிறகு நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் அதையே சொன்னார்.

ஸ்பெயின் நிபுணர்களோ ஏப்ரல் 13 அன்றே பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள். எஃப்பிஐ தன் ஆளை மாட்ரிட்டுக்கு அனுப்பி விளக்கிப் பார்த்தது, தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. அந்த வழக்கறிஞர் ஸ்பெயினுக்குப் போனதற்கான பயணப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. அப்படியானால் பொய்ப் பெயரில் போய்வந்திருக்கலாம் என்று நீதிமன்றத்தில் தாக்கலான பிரமாணப் பத்திரத்தில் எழுதினார்கள். இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அவர் போகவில்லை என்பதற்கான அறிகுறி, அவர் ஒளிந்து போனார் என்பதற்கான அறிகுறியாக மாறிவிட்டது. குற்றவாளி என்ற முடிவை உள்ளே வைத்துக்கொண்டால் எதையும் அதற்குச் சாட்சியாக்கிவிடலாம்.

மே 6 அன்று அவரைக் கைது செய்தார்கள். மே 19 அன்று ஸ்பெயின் போலீஸ் அந்த ரேகை அல்ஜீரியாவைச் சேர்ந்த வேறொருவருடையது என்று கண்டுபிடித்தது. மறுநாள் வழக்கறிஞரை விடுவித்தார்கள். 2006இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் இழப்பீடு தந்தது.

எப்படி நடந்தது என்று அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் விசாரித்து 2006இல் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இரண்டு ரேகைகளும் அபூர்வமான அளவுக்கு ஒத்திருந்தன என்பது உண்மை. தொடக்கத்தில் சில புள்ளிகள் பொருந்தின. அதன்பிறகு நிபுணர்கள் வழக்கறிஞரின் தெளிவான ரேகையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த மங்கலான ரேகையில் அதே கோடுகளைத் தேடினார்கள். தேடியதால் 'கண்டார்கள்'. அங்கே இல்லாத விவரங்கள் கண்ணுக்குத் தெரிந்தன, அவை பொருத்தத்துக்கு மேலும் சான்றாக எண்ணப்பட்டன. ரேகையின் மேல் இடது பகுதி பொருந்தவே இல்லை. அது வேறொரு தொடுகையில் பதிந்ததாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த அறிக்கை இந்தக் கோளாறைக் குறிக்க வட்ட வாதம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. அவர் இஸ்லாத்துக்கு மாறியவர் என்பது முதல் ஒப்பீட்டின்போது நிபுணர்களுக்குத் தெரியாது, பிறகு தெரிந்தபோது மறுபரிசீலனை செய்யாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறது.

தீர்வு எவ்வளவு எளிது என்று பாருங்கள். சந்தேகத்துக்குரியவரின் ரேகையைப் பார்க்கும் முன்பே, சம்பவ இடத்து ரேகையில் என்னென்ன தெரிகிறது என்று குறித்துவைத்துவிட வேண்டும். புகையா பனியா என்பதை நெருப்பைப் பற்றி யோசிக்கும் முன்பே எழுதி வைப்பது. இந்த வரிசைதான் இப்போது அங்கே நடைமுறை.

வீட்டிலும் பள்ளியிலும் இதே வட்டம் சத்தமில்லாமல் ஓடுகிறது. இவனுக்குப் படிப்பு ஏறாது. எப்படித் தெரியும்? மார்க்கைப் பாருங்கள். மார்க் ஏன் குறைவு? படிப்பு ஏறாதே. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அந்தப் பையனுக்குக் கரும்பலகை தெரிகிறதா, காலையில் சாப்பிட்டானா, வீட்டில் உட்கார்ந்து எழுத இடம் இருக்கிறதா என்ற எந்தக் கேள்வியும் நுழைய முடியாது. அறிவுத்திறன் சோதனைகள் பரவிய காலத்தில், 1923இல், எட்வின் போரிங் என்ற உளவியலாளர், சோதனைகள் எதைச் சோதிக்கின்றனவோ அதுவே அறிவுத்திறன் என்று எழுதினார். ஆராய்ச்சியைத் தொடங்க ஒரு குறுகிய வரையறை என்றுதான் அவர் சொன்னார், அந்த அளவில் அது நேர்மையானது. ஆனால் அந்த வரையறையை வைத்துக்கொண்டு, குறைந்த மதிப்பெண்ணுக்குக் காரணம் குறைந்த அறிவுத்திறன் என்று சொல்லவே முடியாது. அது மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் மதிப்பெண் குறைந்தது என்பதுதான். ஒரு குழந்தையின் மேல் அப்படி ஒட்டிய சீட்டு எளிதில் உரிந்து வராது. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது.

அறிவியலின் பெரிய கோட்பாடுகளின் மேலும் இந்தக் குற்றச்சாட்டு விழுந்திருக்கிறது. அதிகம் அடிபட்டது, சூழலுக்குப் பொருந்திய உயிர்கள் தப்பிப் பெருகும் என்ற டார்வினின் இயற்கைத் தேர்வு. 'தகுதியுள்ளது பிழைக்கும்' என்ற தொடரை 1864இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கினார், டார்வின் 1869இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். எது தகுதியுள்ளது? பிழைப்பது. எது பிழைக்கும்? தகுதியுள்ளது. கார்ல் பாப்பர் போன்ற பெரிய தத்துவவாதிக்கே இந்த உறுத்தல் இருந்தது, 1978இல் அச்சான ஓர் உரையில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

தொடரை மட்டும் பார்த்தால் வட்டம்தான். தீவில் நடந்ததைப் பார்த்தால் வட்டம் இல்லை. கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்று ஒரு சின்னஞ்சிறு தீவு. பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் அங்கே குருவிகளைப் பிடித்து, அலகை அளந்து, காலில் வளையம் மாட்டி விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகளைப் பறவைகள் தின்று தீர்த்தன. மிஞ்சியதில் முக்கியமானவை முள் நிறைந்த கெட்டி விதைகள், நம்மூர் நெருஞ்சியின் உறவுச் செடியினுடையவை. நெருஞ்சி முள்ளில் கால் வைத்தவர்களுக்கு அதை உடைப்பது என்ன பாடு என்று தெரியும். சுமார் 1,200 ஆக இருந்த ஒரு வகைக் குருவிகள் 180 அளவுக்குக் குறைந்தன. தப்பியவற்றின் அலகு சராசரியாகப் பெரியது. அடுத்த தலைமுறையின் அலகும் முன்னைவிடத் தடித்திருந்தது. 1983இல் பெருமழை கொட்டி, சின்ன விதைகள் குவிந்தபோது, பின்வந்த ஆண்டுகளில் சின்ன அலகுப் பறவைகளுக்குக் காலம் திரும்பியது.

இங்கே 'தகுதி' என்பது பிழைத்ததை வைத்துச் சொன்னதில்லை. பஞ்சம் வரும் முன்பே மில்லிமீட்டர் கணக்கில் அளந்து நோட்டில் எழுதியிருந்தார்கள். பெரிய அலகுகள் முதலில் செத்திருந்தால் கோட்பாடு அடி வாங்கியிருக்கும். விரல் ரேகை வழக்கில் செய்யத் தவறியதை இவர்கள் தீவில் செய்திருந்தார்கள்: முடிவு தெரியும் முன்பே குறித்துவைப்பது.

இன்னொரு வகை இருக்கிறது, அதை அவசரப்பட்டு வட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. யுரேனஸ் கோள் கணக்குப்படி ஓடாமல் விலகியது. அதற்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இழுக்கிறது என்றார் பிரான்ஸின் வானியலாளர் லெவரியே. அந்தக் கோள் இருப்பதற்கு என்ன ஆதாரம்? யுரேனஸ் விலகுகிறதே. ஏன் விலகுகிறது? அந்தக் கோள் இழுக்கிறது. கேட்க வட்டம் போலத்தான் இருக்கும். ஆனால் லெவரியே அதோடு விடவில்லை. வானத்தின் எந்த இடத்தில் அது நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது.

பிறகு அதே லெவரியே புதன் கோளின் பாதையிலும் ஒரு சிறு பிசகைக் கண்டார். 1859இல் அதே மருந்தை எழுதினார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ஏதோ இருக்கிறது. வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல பத்தாண்டுகள் தேடினார்கள், சிலர் பார்த்ததாகவும் சொன்னார்கள், எதுவும் உறுதியாகவில்லை. 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடு, நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு டிகிரியில் 3,600 விகலை) என்ற அந்தப் பிசகை எந்தப் புதுக் கோளும் இல்லாமல் விளக்கியது. நெப்டியூனும் வல்கனும் ஒரே ஆள் ஒரே முறையில் சொன்ன இரண்டு விளக்கங்கள். வாக்கியத்தின் வடிவத்தை வைத்து எது சரி என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. எந்தப் பிசகை விளக்க வந்ததோ அதைத் தவிர இன்னொரு பக்கமிருந்து போய் அதைத் தொட்டுப் பார்க்க முடிந்ததா என்பதுதான் வித்தியாசம். இப்போது யார் காரணம் சொன்னாலும் நான் மனதுக்குள் கேட்டுக்கொள்வது இதைத்தான்: இந்தக் காரணம் இன்னும் வேறு எங்கே தலைகாட்டும்?

எவர்சில்வர் டம்ளருக்கு வருவோம். அடுத்த தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பலமான காந்தம் ஒன்றை எடுத்துப் போனேன். இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம், பக்கத்து அணுக்கள் ஒரே திசை பார்த்து நிற்கும், நாம் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் கூட்டம் கூட்டமாக அதன் பக்கம் திரும்பிக்கொள்ளும் என்றேன். டம்ளரிலும் பெரும்பகுதி இரும்புதான். ஆனால் துரு பிடிக்காமல் இருக்க 18 சதவீதம் அளவுக்குக் குரோமியமும், கூடவே 8 சதவீதம் அளவுக்கு நிக்கலும் சேர்ப்பார்கள். அப்போது அணுக்கள் அடுக்கப்படும் விதமே மாறிவிடும், அந்த அடுக்கில் அவற்றால் ஒரே திசையில் நிற்க முடிவதில்லை. நிக்கல் சேர்க்காத மலிவான எவர்சில்வர் கரண்டியில் காந்தம் ஒட்டும், எடுத்துப் பார் என்றேன். ஒன்று ஒட்டியது.

"சரி, இன்னொன்னு. தகட்டை ரொம்ப வளைச்சு அழுத்துன இடத்துல அந்த அடுக்கு கொஞ்சம் கலைஞ்சு, பழைய இரும்பு மாதிரி ஆயிடும்னு சொல்றாங்க. நான் சொன்னது சரின்னா அங்க மட்டும் லேசா இழுக்கணும். நம்ம வீட்ல அப்படி எது இருக்கு?"

யோசித்தாள். சிங்கைக் காட்டினாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பக்கவாட்டுத் தகட்டில் காந்தத்தை வைத்தாள். பிடிப்பே இல்லாமல் வழுக்கியது. அப்படியே மூலை வளைவுக்கு மெல்ல நகர்த்திக்கொண்டு போனாள். கை சட்டென்று நின்றது. இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்தாள்.

"மாமா, இங்க மட்டும் புடிக்குது."

எதிர் மூலையையும் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.